பெட்டிக்காரர் பேசமாட்டார்

எர்ணாகுளம் படகுத்துறை

மட்டாஞ்சேரிக்குத் தோப்பும்படி வழியாக பஸ்ஸிலும் போகலாம். ஆனால் தண்ணீரை நம்பி வளர்ந்த ஊருக்குத் தண்ணீர் வழியாகப் போய் இறங்குவதுதான் மரியாதை என்று எனக்கொரு பிடிவாதம். மாலைப் படகில் பள்ளிப் பிள்ளைகள், கூடை காலியான மீன்காரப் பெண்கள், கைப்பேசிக்குள் தலையை விட்டுக்கொண்ட கல்லூரிப் பையன்கள். பக்கத்து இருக்கைப் பெரியவர் மட்டும் எஞ்சின் சத்தத்தோடு போட்டி போட்டுக்கொண்டு ஒரு பழைய இந்திப் பாட்டை முணுமுணுத்தபடி வந்தார். பல்லவி முடிந்து சரணம் வருவதற்குள் இருக்கும் இசைத் துண்டையும் விடவில்லை. மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு ஆர்மோனியமாகவே வாசித்துக் காட்டினார்.

நான் அந்த ஊருக்குப் போனதும் ஆர்மோனியத்துக்காகத்தான். கொச்சி நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார்: "ஒரு மாடி அறையில் ரெண்டு பேர் பழைய பாட்டு பாடுவார்கள். ஒருத்தர் குரல், ஒருத்தர் பெட்டி. அவ்வளவுதான். வயிறு வலிக்கச் சிரிக்க வைத்துவிட்டு, கடைசியில் அழவிட்டு அனுப்புவார்கள்." பாட்டுக் கச்சேரியில் சிரிப்பு என்றால் நமக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். சென்னை சபாவில் பாடகர் ஒரு சிரிப்புச் சொன்னால், சிரிக்கலாமா என்று முன்வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் பின்வரிசை சிரிக்கும்.

படகு வில்லிங்டன் தீவை ஒட்டிப் போகிறது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் 1920களிலும் 30களிலும் காயலின் அடியைத் தோண்டி, அந்த மண்ணைக் கொட்டியே எழுப்பிய தீவு. துறைமுகம் வந்ததும் வேலை தேடி ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். காலையில் மூப்பன் என்கிற கங்காணி உலோகச் சில்லுகளைக் கூட்டத்தின் நடுவே வீசுவான். விழுந்து புரண்டு யார் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு அன்றைய வேலை, அன்றைய சோறு. 'சாப்பா' என்று பெயர். அதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது; சைது, சைதலவி, ஆண்டணி ஆகிய மூவர் இறந்தார்கள். ராஜீவ் ரவி இயக்கி 2023ல் வெளிவந்த 'துறமுகம்' படம் இந்தக் கதைதான்.

நான் தேடிப்போன பாட்டுகளுக்கு முதல் ரசிகர்கள் இந்தச் சில்லுக்காக அடித்துக்கொண்ட மனிதர்கள். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்தச் சிரிப்பின் சத்தமே வேறாகக் கேட்கிறது.

பஜார் சாலை

இறங்கியதும் மூக்குதான் முதலில் ஊரைப் பார்க்கிறது. சுக்கு, மிளகு, தேயிலைத் தூள், ஈரச் சாக்கு, கொஞ்சம் சாக்கடை. ஓடு வேய்ந்த கிடங்குகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. மீதிப் பாதியில் சில காபிக் கடைகளாகவும் ஓவியக் கூடங்களாகவும் வேஷம் மாற்றிக்கொண்டுவிட்டன. கொங்கணிக்காரர்கள், குஜராத்திகள், கச்சி மேமன்கள், தக்கினி உருது பேசும் குடும்பங்கள், தமிழர்கள், லத்தீன் கத்தோலிக்கர்கள் என்று நடந்தே கடந்துவிடக்கூடிய பரப்பில் இத்தனை பாஷை. சீன வலைகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

டீக்கடையில் கட்டன் சாயாவோடு பேச்சுக் கொடுத்தேன். "பழைய பாட்டு கேட்கணும்" என்றதும் கடைக்காரர் கல்லாவுக்கு மேலே கைகாட்டினார். கறுப்பு வெள்ளைப் படம், கலைந்த முடி. "பாயி" என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

மெஹபூப். 1926ல் ஃபோர்ட் கொச்சியில் ஏழைத் தக்கினிக் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாண வீடுகளிலும் நண்பர்கள் கூடிப் பாட்டுக் கேட்கும் மெஹ்ஃபில்களிலும் பாடிப் பாடியே பெயர் வாங்கி, 1951ல் 'ஜீவித நௌகா' வழியாகத் திரைக்குப் போனார். 1954ல் வந்த 'நீலக்குயில்' மலையாள சினிமாவையே திசை திருப்பிய படம். அதைத் தயாரித்த பரீக்குட்டியும் கொச்சிக்காரர்தான். ராகவன் மாஸ்டர் இசையில் மெஹபூப் பாடிய பாட்டு அதில் இருக்கிறது. 1963ல் வந்த 'டாக்டர்' படத்தில் தேவராஜன் இசையில் இன்னொன்று: ரயில் வண்டிக்குள் எரியும் நெருப்பையும் ஏழையின் வயிற்றுப் பசியையும் சேர்த்து வைத்த பாட்டு. கேட்டால் முதலில் சிரிப்பு வரும்.

தமிழ் வாசகருக்குச் சந்திரபாபுவை நினைவூட்டினால் கொஞ்சம் பிடிபடும். இருவரும் கிட்டத்தட்ட ஒரே வயது; சந்திரபாபு 1927ல் தூத்துக்குடியில் பிறந்தவர். வேடிக்கைப் பாட்டுக்குள் துக்கத்தை ஒளித்து வைக்கத் தெரிந்தவர்கள் இருவரும். ஆனால் சந்திரபாபுவுக்குச் சென்னை வேண்டியிருந்தது. மெஹபூபுக்குக் கொச்சியின் சந்துகள் போதும். சினிமாவை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, உள்ளூர்க் கவிராயர்கள் எழுதிக் கொடுக்கும் பாட்டுகளை, கல்யாணப் பந்தலில், கூடியிருப்பவர்களையே கிண்டலடித்துப் பாடிக்கொண்டு இருந்துவிட்டார். 1981ல் இறந்தபோதும் ஏழைதான்.

"காசு சேர்க்கத் தெரியாதா அவருக்கு?" என்று கேட்டேன்.

"சேர்த்தாரே," என்றார் கடைக்காரர். "ஆளைச் சேர்த்தார்." எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சுமைக்காரர் டம்ளரை வைத்துவிட்டுத் திருத்தினார்: "கடனையும் சேர்த்தார். எங்க வாப்பாகிட்ட வாங்கினது இன்னும் வரலை." சொல்லும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

வெளி, தோபி கானா

மறுநாள் காலை வெளி என்ற பகுதிக்குப் போனேன். அங்கே தமிழ் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவந்த வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள், 1976ல் கட்டிக்கொடுத்த துவைகூடத்தில் இன்றும் கல்லில் துணி அடிக்கிறார்கள். கொடிக் கயிற்றில் கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள்; முறுக்கின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகினால் கடற்காற்றுக்கும் அசையாது. ஆஸ்பத்திரி விரிப்பு, ஹோட்டல் விரிப்பு, யாரோ ஒரு வக்கீலின் கறுப்பு அங்கி.

தேய்ப்பு மேசைக்குப் பின்னால் இருந்த பாட்டி, "எந்த ஊருப்பா?" என்றார். மதுரைப் பக்கம் என்றேன். "நாங்களும் அங்கதான், ரொம்ப முன்னாடி," என்றார். மூன்று நூற்றாண்டை 'ரொம்ப முன்னாடி' என்ற ஒரே மூச்சில் தாண்டிவிட்டார். அவருடைய தமிழில் மலையாள ராகம் ஏறியிருந்தது. சொற்கள் மட்டும் பத்திரமாக இருந்தன. பாட்டுப் பற்றிக் கேட்டேன். கரிப்பெட்டியை நிறுத்திவைத்துவிட்டு என்.எஸ். கிருஷ்ணனைப் பற்றி ஆரம்பித்தார். கலைவாணரும் மதுரமும் பாட்டிலேயே சண்டை போட்டுக்கொள்வதை அவருடைய அப்பா நடித்துக் காட்டுவாராம். அம்மாவிடம் நிஜமாகவே சண்டை வந்தால் மதுரத்தின் பதிலை அம்மா பாடுவாராம். "அப்புறம் சண்டை எங்க நடக்கும்? சிரிச்சுட்டா சோறு போட்டுத்தானே ஆகணும்."

பக்கத்துக் கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தாமலே, "மெஹபூபும் இங்க வந்து பாடியிருக்கார், எங்க கல்யாணத்துல," என்றார். எந்த மொழியில் என்று கேட்டேன். "வர்றவங்க எந்த மொழியோ அந்த மொழி. அந்தாளுக்கு என்ன!" உண்மையா, ஊர் கட்டிய கதையா என்று எனக்குத் தெரிய வழியில்லை. ஆனால் மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் மெஹபூப் அவர்கள் கல்யாணத்தில் பாடியிருக்கிறார். அத்தனை கல்யாணத்துக்கும் போயிருந்தால் அவர் சினிமாவில் ஒரு பாட்டுக்கூடப் பாடியிருக்க முடியாது.

நியூ ரோடு

மதியம் காயிக்காவின் பிரியாணி. 1948லிருந்து இருக்கும் கடை. ரஹ்மத்துல்லா என்ற பெயர்ப்பலகையை யாரும் படிப்பதில்லை. தாமதமாகப் போனால் தேக்சா காலி. நம் திண்டுக்கல் பிரியாணியின் மிளகுக் காரத்தில் வளர்ந்த நாக்குக்கு இது முதலில் சாதுவாகத் தெரியும். குட்டையான மணியரிசி, நெய்யில் பொரித்த வெங்காயம், அடியில் ஒளிந்திருக்கும் ஆட்டுக்கறி. பாதி தட்டுக்கு மேல்தான் மசாலா பேச ஆரம்பிக்கிறது. மேசையைப் பகிர்ந்துகொண்ட ஆட்டோக்காரர் நான் கறியைத் தேடுவதைப் பார்த்துவிட்டு, "கீழே, கீழே. கொச்சியில எல்லா நல்ல சாதனமும் கீழேதான் இருக்கும்," என்றார். இரவு மெஹ்ஃபிலுக்கு அவரும் வருவதாகச் சொன்னார். வந்தார், அவர் இல்லாவிட்டால் பாதிச் சிரிப்பு எனக்குப் புரிந்திருக்காது.

மாடி அறை

இஷா தொழுகை முடிந்து ஊர் கொஞ்சம் அடங்கிய நேரம். பூட்டிய கிடங்கு ஒன்றின் பக்கவாட்டில் செங்குத்தான மரப்படி. பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக்குப் பதில் கப்பல் கயிறு. மேலே பாய், சில பிளாஸ்டிக் நாற்காலி, சத்தம் போடும் ஒரு மின்விசிறி. சுவரில் மெஹபூப், முகமது ரஃபி, பாபுராஜ், உம்பாயி. டிக்கெட் இல்லை, வாசலில் ஒரு பிஸ்கட் டப்பா. துறைமுகத்தில் ஓய்வு பெற்றவர்கள், மீன் ஏலக்காரர், ஒரு டாக்டர், இரண்டு ஆசிரியைகள், ஆட்டோக்காரர்கள்.

இந்த ஊரில் இப்படி உட்கார்ந்து கேட்பது ஒரு நோய் என்றே சொல்லவேண்டும். உம்பாயி இந்த மண்ணின் பிள்ளை. சின்ன வயதில் மெஹபூபுக்குத் தபலா வாசித்தவர், பம்பாய்க்குப் போய் முஜாவர் அலி கானிடம் பாட்டுக் கற்றுத் திரும்பி வந்து, ஆர்மோனியத்தைத் தானே வாசித்துக்கொண்டு மலையாளத்தில் கஜல் பாடினார். ஓ.என்.வி. குறுப்பின் கவிதைகளுக்கு அவர் போட்ட மெட்டுகள் கேரளம் முழுக்கப் போயின. 2018 ஆகஸ்டில் இறந்தார்.

அன்றைய இருவரில் பாடுகிறவருக்கு எழுபது தாண்டியிருக்கும். துறைமுகத்தில் மூட்டை எண்ணிய வேலை. எல்லோருக்கும் 'இக்கா'. பெட்டிக்காரர் பத்து வயது இளையவர். ஞாயிறு காலையில் தேவாலயத்தில் ஆர்கன், ஒரு காலத்தில் ஃபோர்ட் கொச்சி ஹோட்டல் ஒன்றில் வெள்ளைக்காரர்கள் சாப்பிடும்போது பியானோ. இக்கா அவரை 'ஆசானே' என்றுதான் கூப்பிடுகிறார். ஆசான் பேசமாட்டார். அன்று இரவு முழுக்க அவர் வாயிலிருந்து ஒரு சொல் நான் கேட்கவில்லை.

இக்கா தொண்டையைச் செருமினார். ஆசான் சுருதி கொடுத்தார். இக்கா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சபையைப் பார்த்தார்: "போன வருஷம் ரெண்டு கட்டை. இப்ப ஒன்றரை. எனக்கு வயசாகிறதை இந்த மனுஷன் வாயைத் திறந்து சொல்லமாட்டார். வருஷத்துக்கு அரைக் கட்டை குறைப்பார்." ஆசான் யோசித்துவிட்டு இன்னும் அரைக் கட்டை கீழே இறக்கினார். அவ்வளவுதான், அறை அவர்கள் கைக்குப் போய்விட்டது.

முதலில் பழைய இந்திப் பாடகர் சைகலின் பாட்டு ஒன்று. தூக்கம் வராத காதலன். இக்கா குரலில் அந்தப் பழைய இசைத்தட்டுக் கமறல் அப்படியே இருந்தது; கண்ணை மூடினேன். இரண்டாவது சரணத்தில் காதலனுக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் வந்தது. ஆசான் வலது கைச் சுண்டுவிரலால் மேல் ஸ்தாயியின் கடைசிக் கட்டையை மெல்ல அழுத்திப் பிடித்தார். 'ங்ங்ங்' என்று கொசு. கொச்சிக் கொசுவைப் பற்றி அந்த ஊர்க்காரர்களிடம் எதுவும் சொல்லவேண்டியதில்லை. இக்கா ராகத்தை விடாமல், கண்ணில் ஏக்கம் குறையாமல், இடது கையை உயர்த்தித் தன் தோளில் ஓங்கி அடித்தார். அடி சரியாகச் சமத்தில் விழுந்தது. கொசு நின்றது. பல்லவி ஆரம்பித்தது. டாக்டர் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்துவிட்டது.

இதில் இசைக்கு ஒரு இம்மி குறைவில்லை. அடித்த அடி தாளத்துக்குள், கொசுவின் சுரம் ராகத்துக்குள். விகடம் பண்ணுகிறவர்கள் பலர் பாட்டைக் கெடுத்துத்தான் சிரிக்கவைப்பார்கள். இவர்கள் பாட்டை அவ்வளவு துல்லியமாகப் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் சிரிப்பு வந்தது.

ஏன் எப்போதும் குரலும் கட்டை வாத்தியமும்? உலகம் முழுக்க இந்த ஜோடி இருக்கிறது. லண்டனில் 1956 கடைசி இரவில் மைக்கேல் ஃபிளாண்டர்ஸ் என்பவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பாட, டொனால்ட் ஸ்வான் பியானோ வாசிக்க, ஒரு சின்ன அரங்கில் தொடங்கிய வேடிக்கைப் பாட்டுக் கச்சேரி பல வருடம் ஓடியது. அங்கே பியானோ, இங்கே பெட்டி. எனக்குத் தோன்றுவது இதுதான். குரல் வழுக்கும், குழையும், இழுக்கும். கட்டை வாத்தியத்தால் அது முடியாது. ஒவ்வொரு சுரமும் விறைத்துக்கொண்டு அதனதன் இடத்தில் நிற்கும். ஆர்மோனியத்தில் கமகம் இல்லை என்றுதான் அகில இந்திய வானொலி 1940ல் அதைத் தள்ளிவைத்தது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. சங்கீதக்காரர்கள் குறையாகச் சொன்ன அந்த விறைப்புதான் விகடத்துக்கு வசதி. ஒருத்தர் உருகிக்கொண்டே இருக்க, பக்கத்தில் ஒருத்தர் அசையாமல் முறைத்துக்கொண்டிருந்தால் சிரிப்பு தானே வரும்.

இக்காவுக்கும் அந்தத் தடைக் கதை தெரியும். "ரேடியோக்காரர்கள் இந்தப் பெட்டியை முப்பது வருஷம் வீட்டில் உட்கார வைத்தார்கள். அந்தக் கோபத்தில்தான் ஆசான் இன்னும் பேசுவதில்லை," என்றார். ஆசான் கட்டை எதையும் தொடாமல் துருத்தியை மட்டும் மெதுவாகத் திறந்து மூடினார். பெருமூச்சு.

நம் ஊரில் இது வேறு மாதிரி. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியக்காரர் மேடையிலேயே இருப்பார். பின்பாட்டும் பாடுவார், பபூனோடு வாய்க்கு வாய் சண்டையும் போடுவார். "என்னய்யா ஆர்மோனியம்" என்று பபூன் ஆரம்பித்தால் ஊரே நிமிர்ந்து உட்காரும். கிட்டப்பா காலத்தில் அவருடைய அண்ணன் காசி ஐயர் வாசித்த ஆர்மோனியத்துக்கென்று தனிக் கூட்டம். அந்தத் தமிழ் நாடகக் குழுக்கள்தான் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கேரளமெங்கும் ஊர் ஊராகப் போயின. மலையாள சங்கீத நாடகம் அதைப் பார்த்து எழுந்தது. யேசுதாஸின் தகப்பனார் அகஸ்டின் ஜோசப் பாகவதர் அந்த மேடையில் பாடியவர். மகன் 1940ல் இதே ஃபோர்ட் கொச்சியில் பிறந்தார். நம்மிடமிருந்து போன பெட்டி, இங்கே வந்து வாயை மூடிக்கொண்டதுதான் ஆச்சரியம். மௌனமாக இருப்பதால் ஆசானின் ஒவ்வொரு சுரமும் பதிலாகிவிடுகிறது.

நடுவில் இக்கா என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "தமிழ்நாட்டிலிருந்து ஒரு சார். சாருக்கு ஏ.எம். ராஜா." ஆசான் முன்னிசையை எடுத்தார். "ராஜா எங்களுடையவரா, உங்களுடையவரா?" என்று இக்கா என்னைக் கேட்டார். எங்களுடையவர் என்றேன், விட்டுக்கொடுக்காமல். "ஆந்திராக்காரர்!" என்று பின்னாலிருந்து என் பிரியாணித் தோழர் குரல் கொடுத்தார். "அப்ப ரெண்டு பேரும் கடன் வாங்கியிருக்கோம்," என்றார் இக்கா. தமிழ்ப் பாட்டை மலையாள உச்சரிப்பில் பாடினார். ழகரம் மட்டும் நம் வானொலி அறிவிப்பாளர்களை விடச் சுத்தமாக விழுந்தது. ஒரு சரணத்துக்கு முன்னால் கையை உயர்த்தி நிறுத்தினார்: "அடுத்தது அழவேண்டிய இடம். கண்ணாடி போட்டவர்கள் கழற்றி வைத்துக்கொள்ளலாம்." நான்கைந்து பேர் நிஜமாகவே கழற்றினார்கள்.

கடைசியாகத்தான் 'கண்டம் பெச்ச கோட்டு'. ஒட்டுப் போட்ட கோட்டு என்று நாம் சொல்லலாம். 1961ல் வந்த இந்தப் படம் மலையாளத்தின் முதல் வண்ணப்படம்; எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், இயக்கியது டி.ஆர். சுந்தரம். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' கூட அதே சேலத்துக் கொட்டகையிலிருந்துதான் 1938ல் வந்தது. செருப்புத் தைக்கும் கிழவர் ஹஜ் போக வாழ்நாள் முழுக்கக் காசு சேர்க்கிறார். அந்தக் காசு ஒட்டுப் போட்ட கோட்டுக்குள் இருக்கிறது. பாபுராஜ் இசையில், பாஸ்கரன் வரிகளில் அந்தக் கோட்டைப் பற்றி மெஹபூப் பாடியது வேடிக்கைப் பாட்டுதான். ஊரே கிண்டல் செய்யும் ஒரு கோட்டைப் பற்றி அந்தக் கிண்டலையே வைத்துக் கட்டிய பாட்டு.

இக்கா தன் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். எல்லோரும் தயாராகச் சிரித்த முகத்தோடு இருந்தார்கள். முதல் சரணம் போனது. நகைச்சுவை வரவில்லை. ஆசானைப் பார்த்தேன்; விரல் குறும்பு எதுவும் செய்யவில்லை, மெட்டின் அடியில் வெறும் ஆதார சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது சரணத்திலும் வரவில்லை. முன்வரிசையில் இருந்த துறைமுகக் கிழவர் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டே காத்திருந்து, அது அப்படியே முகத்தில் வேறொன்றாக மாறியதை நான் பார்த்தேன். அதுவரை இரண்டு மணி நேரம் எங்களைச் சிரிக்கவைத்து நெகிழ்த்தி வைத்ததெல்லாம் இந்த ஒரு பாட்டுக்காகத்தான். இறுக்கமாக உட்கார்ந்த சபையை எந்தச் சோகப் பாட்டாலும் அப்படித் தொட்டிருக்க முடியாது.

பாட்டு முடிந்து யாரும் கைதட்டவில்லை. சில நொடி கழித்து ஆசான் அந்தக் கொசுவை விட்டார்.

யூதத் தெரு

காலையில் யூதத் தெரு. 1568ல் எழுந்த பரதேசி யூத ஜெபாலயம், 1760ல் வைத்த மணிக்கூண்டு, தரையில் சீனாவிலிருந்து வந்த நீலக் கை ஓவிய ஓடுகள். வழிகாட்டிகள் எல்லோரும் அதையே சொல்லுகிறார்கள். நான் கேட்டது பாட்டை. இந்தத் தெருவின் பெண்கள் மலையாளத்தில் பாட்டுகளைப் பாடி, நோட்டுப் புத்தகங்களில் எழுதி, கல்யாணங்களில் ஆண்கள் முன்னிலையிலேயே கூடிப் பாடியிருக்கிறார்கள். யூத சமயத்தில் இது பல ஊர்களில் நடக்காத காரியம். ஜெருசலேமில் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் 2004ல் அவற்றில் சிலவற்றை ஒலித்தட்டாக வெளியிட்டது. கொச்சியிலிருந்து இஸ்ரேலுக்குப் போன பாட்டிகள் பாடியவை. இங்கே கடைசிவரை பூத்தையல் கடையில் உட்கார்ந்திருந்த சாரா கோஹன் 2019ல் இறந்தார். கடைத்தெரு முழுக்க இப்போது காஷ்மீர்ச் சால்வைகள். எனக்கு அங்கே அதிக நேரம் நிற்கப் பிடிக்கவில்லை.

ஒன்று மட்டும் நினைத்துக்கொண்டேன். மெஹபூப் இறந்த அதே 1981ல்தான், ஆபேல் அச்சன் தொடங்கிய கொச்சின் கலாபவன் எர்ணாகுளத்தில் முதல் மிமிக்ஸ் பரேடை மேடையேற்றியது. அதில் நின்ற சித்திக்கும் லாலும் பின்னால் மலையாள சினிமாவின் சிரிப்பையே மாற்றினார்கள். குரல் வித்தை செய்து காட்டி ஊரைச் சிரிக்க வைக்கும் தொழில் மைக்குக்கும் மேடைக்கும் போய்விட்டது. மாடி அறையில் மிச்சம் இருப்பது மைக் இல்லாத, டிக்கெட் இல்லாத பழைய வழி. இரண்டுக்கும் ஊற்று ஒன்றுதான் என்று இக்காவிடம் சொன்னால், "அவர்களுக்குச் சம்பளம் உண்டு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

கோதுருத்து

திரும்பும் வழியில் கொஞ்சம் வடக்கே ஏறி, பெரியாற்றின் கழிமுகத்துக்குப் பக்கம், கோதுருத்துக்குப் போனேன். சவிட்டு நாடகத்தின் ஊர். லத்தீன் கத்தோலிக்கர்கள் பலகை மேடையில் காலால் உதைத்து ஆடும் நாடகம். கதை ஐரோப்பாவின் சார்லமேன் பேரரசன். இங்கே அவன் பெயர் காரல்மான். எழுதியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர். பாட்டெல்லாம் தமிழ், அங்கங்கே மலையாளம் கலந்த தமிழ். பாடுகிறவர்களுக்கு முழுக்க அர்த்தம் தெரியவேண்டும் என்று கட்டாயமில்லை. தலைமுறை தலைமுறையாக மனப்பாடம்.

ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நாடகம் சொல்லிக்கொடுக்கும் ஆசான் மலையாள எழுத்தில் எழுதிய பழைய நோட்டிலிருந்து தமிழை உரக்கச் சொல்ல, பையன்கள் பலகை அதிர உதைத்தார்கள். ஓரத்தில் செண்டை, இலைத்தாளம், இங்கேயும் ஓர் ஆர்மோனியம். பேரரசனும் பன்னிரண்டு வீரர்களும் மார்பை நிமிர்த்தி நின்றபோது ஓரமாக ஒருவன் வந்தான். கட்டியக்காரன். நம் தெருக்கூத்துக் கட்டியங்காரனேதான். தமிழில் அரசன் சொன்னதை ஜனங்களுக்கு மலையாளத்தில் அவிழ்த்துச் சொல்கிற வேலை. சொல்லும் சாக்கில் அரசனையே காலை வாரிவிடுகிற வேலை. பகலில் ஆட்டோ ஓட்டுகிறானாம்.

பேரரசன் நீளமாக ஒரு வீர வசனத்தைத் தமிழில் பாடி முடித்தான். கட்டியக்காரன் யோசித்துவிட்டு மலையாளத்தில் மொழிபெயர்த்தான்: "ராஜாவுக்குப் பசிக்கிறது." பெட்டிக்காரர் தலையாட்டி ஒரு சுரம் கொடுத்தார். ஆசான் அதட்டினார். பையன்கள் உதைப்பதை நிறுத்தவில்லை.

பிறகு கட்டியக்காரன் என்னைப் பார்த்தான். ஆசான் என்னைத் தமிழ்க்காரர் என்று அறிமுகம் செய்திருந்தார். அவன் மேடையின் விளிம்புக்கு வந்து, காரல்மான் சக்கரவர்த்தியின் சபையில் கட்டியம் கூறினான்: தமிழ் தேசத்துத் தூதர் ஒருவர் வந்திருக்கிறார், நாடகம் எழுதிய அண்ணாவி புறப்பட்டபோதே புறப்பட்டவர் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார், தாமதத்துக்கு என்ன தண்டனை? சக்கரவர்த்தி, பத்தாம் வகுப்புப் பையன், முதல்முறையாக வசனத்தை மறந்து சிரித்தான். எல்லோருக்கும் டீயும் பழம்பொரியும் என்று தீர்ப்பானது. எதிரே இருந்த கடையில் காசு கொடுத்தேன். பன்னிரண்டு வீரர்களுக்கும் சேர்த்துத்தான். பெட்டிக்காரர் மட்டும் சர்க்கரை வேண்டாம் என்று விரலை ஆட்டினார்.